அப்பாவின் காலை மருந்து

தம்பி,

ஆவணி வரைக்கும் அப்பா இருப்பாரா என்று நேற்றுத் தொலைபேசியில் கேட்டாய். எனக்குத் தெரியாது. நேற்றும் அதையேதான் சொன்னேன், நீ கோபப்பட்டாய். "அம்மா, இவ்வளவு காலமா இந்த வேலையைத்தானே செய்யிறீங்கள். உங்களுக்குத் தெரியாட்டி வேற ஆருக்குத் தெரியும்?" என்றாய். டோகாவில் உன் வேலைத்தளத்தில் ஏதோ யந்திரம் இரைந்துகொண்டிருந்தது, நீ அதற்கு மேலால் கத்தினாய். நான் அப்பாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று குசினி அடுப்படியில் நின்று முணுமுணுத்தேன். ஒருவர் கத்தவும் மற்றவர் முணுமுணுக்கவும் எதையும் பேசித் தீர்க்க முடியாது. ஆகவே எழுதுகிறேன். அப்பா நித்திரை. வெளியே கச்சான் காற்று முற்றத்துப் புழுதியை அள்ளிக்கொண்டு போகிறது. அன்புவழிபுரத்தில் இந்த நேரத்தில் யாரும் வெளியே வரமாட்டார்கள்.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டு விஷயத்தை ஊருக்கு எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. வகுப்பில் உயிரியல் படிப்பித்தேனே தவிர, என்னைப் பற்றி ஒரு வசனம் சொன்னதில்லை. ஆனால் நீ கேட்ட கேள்வியை உன்னைப் போல எத்தனையோ பிள்ளைகள், நான் நோயாளி பார்க்கப் போன வீடுகளின் படலையடியில் நின்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பாதிப்பேர் வெளிநாட்டில் இருக்கும் சகோதரங்களுக்கு விமானச் சீட்டு எடுப்பதற்காகக் கேட்டார்கள். மற்றப் பாதிப்பேர் கலியாணத்துக்கு நாள் வைப்பதற்காகக் கேட்டார்கள். அவர்களுக்குச் சரியாகச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்தே எழுதுகிறேன். சல்லிக் கிராமத்தில் நடந்ததை எழுத அந்த வீட்டுக்காரி அனுமதி தந்திருக்கிறார். ஊரை எழுதலாம், பேரை எழுத வேண்டாம் என்றார்.

உனக்கும் மட்டக்களப்பு அபிநயாவுக்கும் கலியாணம் தை மாதத்தில் என்று இரண்டு வீட்டாரும் பேசி முடித்தபோது அப்பா நடந்து திரிந்தார். பிறகுதான் முதுகு வலி என்றார். கொழும்புக்குக் கொண்டுபோனோம். புரோஸ்டேட் சுரப்பியில் தொடங்கிய புற்றுநோய் முள்ளந்தண்டுக்குப் பரவிவிட்டது என்று மருத்துவர் அவருக்கு முன்னாலேயே சொன்னார். அப்பா "சரி" என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும் வழி முழுவதும் வான் சாரதியோடு டீசல் விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார். அதன் பிறகு கட்டிலை விட்டு எழும்பி நடப்பது மெல்ல மெல்ல நின்றது. போன கிழமை உன் மாமி, அப்பாவின் அக்கா, உப்புவெளியிலிருந்து பஞ்சாங்கத்தோடு வந்தார். குசினிக்குள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மச்சாள், ஆடி கழியட்டும். ஆவணியில வாற முதல் நல்ல நாளிலேயே வைச்சிடுவம். என்ர தம்பி தன்ர பிள்ளையின்ர தாலிகட்டைக் கண்ணால பாக்கட்டும்" என்றார். நான் அடுப்புப் பக்கம் திரும்பினேன். "நீங்கள் படிச்சனீங்கள், இதெல்லாம் நம்பமாட்டீங்கள். ஆனா அவன் முந்திப் போயிட்டானெண்டா பிறகு ஒரு வருசத்துக்கு ஒண்டும் செய்யேலாது. உங்கட கலியாணம் இழுபட்டதை மறந்து போனீங்களோ?" என்று கேட்டார்.

மறக்கவில்லை. உனக்கு நாங்கள் அதை முழுதாகச் சொன்னதில்லை. எனக்கும் அப்பாவுக்கும் நாள் குறித்து, அழைப்பிதழ் அச்சுக்குக் கொடுத்த பிறகு உன் அப்பப்பா செத்துப்போனார். ஒரு வருடம் நிற்க வேண்டும் என்றார்கள். அப்போது நான் மூதூரில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகின் எஞ்சின் பகுதியில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்சக் காலம். ஓய்வு கிடைக்கும்போது மூதூர் லோஞ்சுப் படகில் ஏறி வந்து, பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே நின்று, யாரோ உறவினரைத் தேடுவது போல அங்குமிங்கும் பார்ப்பார். அவருக்கு மூதூரில் உறவினர் யாரும் இல்லை என்று காவலாளிக்கும் தெரியும். அந்த வருடம் முடிய இருந்த நேரத்தில் என் அப்பா போய்விட்டார். இப்போது எங்கள் பக்கத்துக்கு ஒரு வருடம். அடுத்தது யார் என்று இரண்டு வீட்டாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பாகத்தான் இருக்கிறது. அப்போது சிரிக்க முடியவில்லை. என் தாலிகட்டைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்ட இரண்டு பேரும் பார்க்கவில்லை. உன் மாமி அந்தக் காலத்தில் எங்களோடு சேர்ந்து காத்திருந்தவர். உன் அப்பப்பா போனதோடு அவருக்குப் பேசிக்கொண்டிருந்ததும் நின்றுபோனது. அவர் பஞ்சாங்கத்தோடு ஓடி வருவதை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு அது சொந்த அனுபவம்.

ஆனால் நீ நேற்று இன்னொன்றையும் கேட்டாய். அதுதான் என்னை எழுத வைத்தது. "அந்த ஒரு நாளைக்கு மட்டும் மருந்தைக் குறைச்சா அப்பா முழிச்சிருப்பார்தானே?" என்றாய். சாதாரணமாகத்தான் கேட்டாய். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நான் பால் பொங்குகிறது என்று பொய் சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அடுப்பில் பால் இருக்கவில்லை.

நான் இந்த வேலைக்குள் வந்த விதம் உனக்குத் தெரியும். இரக்கத்தால் வரவில்லை. சாகப்போகிறவர்களின் வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பவர்கள் என்றால் எனக்கு அப்போது கொஞ்சம் இளக்காரம். ஊருக்குள் ஒரு சிறு குழு தொடங்கியிருந்தது. ஓய்வுபெற்ற தாதி ஒருவர், இரண்டொரு தொண்டர்கள், மாதத்தில் சில நாள் வந்து போகும் ஒரு மருத்துவர். நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்று தாளில் எழுதினார்கள். சனங்கள் "வலி பாக்கிற ஆக்கள்" என்றார்கள். கொழும்பிலிருந்து வரும் நோயாளி அட்டைகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். அதை வாசித்து வீட்டாருக்கு விளங்கப்படுத்த ஒருவர் வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். அவ்வளவுதான் என்று நினைத்துப் போனேன். முதல் வீட்டிலேயே மூத்த மகன் படலைக்கு வெளியே எங்களை மறித்து, "வாசிக்கலாம் டீச்சர். ஆனா சத்தமா வாசிக்காதேங்கோ, அவருக்கு ஒண்டும் தெரியாது" என்றான். உள்ளே போனால் அந்த மனிதர் என் கையில் இருந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "மகனுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ, பயந்து போவான்" என்று காதுக்குள் சொன்னார். அன்று எனக்கு இந்த வேலையில் பிடித்தது அந்தத் தாதி முகத்தை மாற்றாமல் இரண்டு பேருக்கும் ஓம் என்று தலையாட்டிய விதம். வெளியே வந்து ஓட்டோவில் ஏறியதும், "டீச்சர், ஒரே வீட்டில ரெண்டு ரகசியம், ரெண்டும் ஒரே ரகசியம்" என்றார்.

அவர்தான் ஃபரீதா மிஸ்ஸி. கிண்ணியாக்காரி, ஆஸ்பத்திரி வார்டுகளில் முப்பது வருடத்துக்கு மேல் நின்றவர். இப்போது அப்பாவையும் அவரே வந்து பார்க்கிறார். எவ்வளவு காலம் என்ற உன் கேள்விக்கு அவர் முன்பு பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நாள் கணக்கில் சொல்லமாட்டார்; பெருநாள் கணக்கில் சொல்லுவார். "நோன்புப் பெருநாளைப் பாப்பாரு, ஹஜ்ஜுப் பெருநாள் சொல்லேலாது." தமிழர் வீடு என்றால், "தீபாவளிக்கு இருப்பார், பொங்கலுக்குத் தெரியாது." சனங்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு மகளைக் கட்டிக் கொடுத்தார்கள், வெளிநாட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டார்கள், காணியை எழுதி வைத்தார்கள். பல தரம் சரியாக வந்தது. பல தரம் பிழைத்தது. அறுவடை வரைக்கும் இருப்பார் என்று அவர் சொன்ன ஒரு தாய், சொல்லிவிட்டு நாங்கள் அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர முன்னரே போய்விட்டார். நான் ஒருநாள் நேராகக் கேட்டேன், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று. "ஊகந்தான் டீச்சர். கிண்ணியாவில ஒரு வாப்பா இருக்காரு, அவருக்கு நான் ரெண்டு தரம் நாள் குறிச்சிட்டன். இப்ப என்னைக் கண்டா சிரிக்கிறாரு. 'என்ன மிஸ்ஸி, இந்தப் பெருநாளா அடுத்த பெருநாளா?' எண்டு கேக்கிறாரு" என்றார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் பெருநாள் சொல்வதில்லை. அவருக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? அப்பாவின் இரத்தப் பரிசோதனையை நான் வாசிப்பேன்; முள்ளந்தண்டுப் படத்தில் கரையான் அரித்த மரம் போல இருப்பதைக் காண்பேன். அதில் திகதி எழுதியிருக்கவில்லை.

சல்லியில் நடந்ததை இப்போது சொல்கிறேன். கடலுக்குப் போகிற ஒருவர். வெற்றிலையும் புகையிலையும் போட்டுப் போட்டு வாய்க்குள் வந்த புற்றுநோய். கன்னத்தை ஒருபக்கம் துளைத்துவிட்டது, பேச முடியாது. மோர்பின் என்ற வலி மருந்துப் பாணிப் போத்தலை ஃபரீதா மிஸ்ஸி அந்த வீட்டில் கொடுத்தபோது அவருடைய மனைவி அதை இரண்டு கையாலும் வாங்கி, நேரே அலுமாரியில் நகைகளோடு வைத்துப் பூட்டினார். பயங்கரமான மருந்து என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நேரம் வரும்போது அலுமாரியைத் திறந்து, ஊற்றிக் கொடுத்து, திரும்பப் பூட்டுவார். நேரம் தவற விட்டதில்லை. அந்த மனிதர் வலி அடங்கி, சுவரில் சாய்ந்து கிழிந்த வலை பொத்துகிற அளவுக்கு வந்தார். அவர்களுடைய ஒரே மகளுக்குக் கலியாணம் பேசியிருந்தது. மாமி சொன்ன அதே காரணத்துக்காக அங்கேயும் நாளை முன்னுக்கு இழுத்தார்கள்.

நானும் ஃபரீதா மிஸ்ஸியும் கலியாணத்துக்குப் போனோம். அவரை வெள்ளைச் சேட்டும் வேட்டியும் உடுத்தி, கன்னத்துக்குப் புதிய பஞ்சு வைத்து ஒட்டி, மணவறைக்குப் பக்கத்தில் கதிரையில் இருத்தியிருந்தார்கள். நிமிர்ந்து இருந்தார். கண் திறந்திருந்தது. தாலி கட்டி முடித்துப் பிள்ளைகள் காலில் விழுந்தபோது இரண்டு பேருடைய தலையிலும் கை வைத்தார். வீடியோக்காரர் கிட்டப் போய்ப் பிடித்தார். பந்தியில் என் பக்கத்தில் இருந்த ஒருவர், "மனுசன்ர தைரியத்தைப் பாத்தீங்களே! ஒரு முனகல் இல்லை" என்றார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று மிஸ்ஸி என்னிடம் சொல்லிச் சந்தோசப்பட்டார்.

அடுத்த முறை போனபோது அந்த மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், திரும்பவில்லை. மனைவி எங்களைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார். "மிஸ்ஸி, ஒண்டு சொல்லுவன், ஏசக்கூடாது. கலியாணத்தண்டு விடியப்புறம் இருந்து அவருக்கு மருந்து குடுக்கேல்ல. குடிச்சா தூங்கி விழுறவர். மாப்பிள்ளை வீட்டாக்களுக்கு முன்னால தூங்கி விழுந்தா என்ன நினைப்பினம்? கையெடுத்து ஆசீர்வாதம் பண்ண வேணுமே?" என்றார். சேலை எடுக்கவும் நகை எடுக்கவும் அன்று காலை முழுக்க அந்த அலுமாரியைத் திறந்து திறந்து மூடியிருக்கிறார்கள். போத்தல் அங்கேதான் நின்றது. "அவர் அலுமாரியைக் கையால காட்டினவர் டீச்சர். நான் தெரியாத மாதிரி நிண்டனான். ஒரு நாள்தானே எண்டு நினைச்சன்." மிஸ்ஸி ஏசவில்லை. "இப்ப அதுக்கு நேரம், போத்தலைத் தாங்க" என்று மட்டும் சொல்லிக் கையை நீட்டினார்.

அந்த மனிதர் மனைவியின் கையால் எதையும் வாங்காமல் சில நாள் இருந்தார். பிறகு வாங்கினார், வேறு வழி இல்லை. அந்தக் கலியாணத்துக்கு முதலில் குறித்திருந்த நாள் வந்தது. அன்றும் அவர் இருந்தார். அது கடந்தும் இருந்தார். இப்போது அந்த வீட்டு முன்னறையில் மகளின் கலியாணப் படம் பெரிதாக்கி மாட்டியிருக்கிறது. அதில் அவர் நிமிர்ந்து இருக்கிறார். வருகிறவர்கள் எல்லாம் பார்த்து மெச்சுகிறார்கள். கதிரைக் கையை அவர் எப்படிப் பிடித்திருக்கிறார் என்று பார்த்தால் தெரியும். அவருடைய மனைவிக்குத் தெரியும். படத்தைக் கழற்றினால் மகள் ஏன் என்று கேட்பாள் என்பதால் கழற்றவில்லை.

அந்தப் பெண் கெட்டவர் இல்லை. அவரைவிடக் கவனமாகப் பார்த்த வீடு குறைவு. நீயும் கெட்டவன் இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அன்பில்லாத வீட்டில் மருந்தை மறந்துபோவார்கள். அதற்கு என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியும். அன்புள்ள வீட்டில் ஒரு நல்ல நாளுக்காக நிறுத்துவார்கள். அப்பாவுக்கு மருந்தைக் குறைத்தால் விழித்திருப்பார் என்பது உண்மைதான். ஆனால் அவருக்கு அப்போது உன் மணவறை தெரியாது, முதுகு மட்டும்தான் தெரியும். உன் மாமி வானில் மெத்தை போட்டு மட்டக்களப்புக் கலியாண மண்டபத்துக்குக் கொண்டுபோகலாம் என்கிறார். கிண்ணியாப் பாலத்தைக் கடந்து, மூதூர், வெருகல், வாகரை என்று அந்த வீதி முழுவதையும் நான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். இங்கே கட்டிலில் விரிப்பு மாற்றுவதற்கு அவரை ஒருக்களிக்கும்போதே என் தோளைக் கடிக்கிற மாதிரி முகத்தைப் புதைத்துக்கொள்கிறார். மிஸ்ஸி வலி எவ்வளவு என்று பத்துக்குள் ஒரு எண் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எஞ்சின்காரர் இல்லையா, "மெல்ல ஓடுது", "அரை வேகம்", "முழு வேகம்" என்று சொல்கிறார். மிஸ்ஸி இப்போது வாசலில் வரும்போதே, "என்ன சேர், இண்டைக்கு என்ன வேகம்?" என்றுதான் கேட்கிறார். முழு வேகம் என்று அவர் சொன்ன நாட்களில் நான் அறைக்கு வெளியே போய் நின்றிருக்கிறேன்.

நீ கலியாணம் செய்யப்போகிறவன். அதனால் ஒன்று சொல்கிறேன். புத்திமதி என்று எடுக்காதே, எனக்கே கைவராத விஷயம். அபிநயாவுக்கும் உனக்கும் ஒருநாள் உடம்பு முடியாமல் வரும், ஒருவருக்கு முந்தியும் மற்றவருக்குப் பிந்தியும். அப்போது படுத்திருப்பவரை நடுவில் வைத்துக்கொண்டு அவரைத் தவிர மற்ற எல்லோரோடும் கதைக்கத் தொடங்குவீர்கள். அது கெட்ட எண்ணத்தில் வருவதில்லை, தானாக வருகிறது. மற்றவர்களுடைய வீடுகளில் நான் உட்கார்ந்து, "அவரிட்டக் கேட்டீங்களா?" என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன். கேட்டதும் அந்த வீட்டார் என்னைப் பார்த்த பார்வையின் அர்த்தம் இப்போதுதான் விளங்குகிறது. கலியாண நாளைப் பற்றி நீயும் நானும் பேசிவிட்டோம். மாமியும் நானும் பேசிவிட்டோம். மட்டக்களப்புச் சம்பந்தியும் மண்டபத்தைப் பற்றிப் பேசிவிட்டார். அப்பாவிடம் ஒருவரும் பேசவில்லை. நான் இரண்டு தரம் கதவடி வரைக்கும் போனேன். ஆவணியா தையா என்று கேட்டால், நீங்கள் தை வரைக்கும் இருப்பீர்களா என்று கேட்பதாகத்தான் அவருக்குக் கேட்கும். அவரிடம் அதைக் கேட்கும் வாய் எனக்கு இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சாப்பாடு, பள்ளிக்கூடம், நீ, மின்சாரக் கட்டணம் என்று கதைத்தோமே தவிர வேறெதையும் கதைத்துப் பழகவில்லை. உங்கள் தலைமுறை அதிகம் கதைக்கிறது என்று நான் பரிகாசம் செய்ததுண்டு. அதை விட்டுவிடு.

ஆகவே என் முடிவு இவ்வளவுதான். மருந்து குறையாது. வானும் இல்லை. அதில் நீ என்னோடு கோபித்தாலும் பரவாயில்லை. கலியாண நாளைப் பற்றி எனக்கு முடிவு இல்லை. அது என் நாளும் இல்லை, உன் மாமியின் நாளும் இல்லை. நாளைக்குக் காலை அப்பாவிடம் கேட்கப் போகிறேன். கேட்டுவிட்டு, என்ன நடந்ததோ அதை அப்படியே கீழே எழுதுகிறேன்.

மறுநாள் நடந்தது இது.

மாமி விடியவே வந்துவிட்டார். குசினியில் தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைத்தார். நான் அப்பாவின் காலை மருந்தைச் சிறு கோப்பையில் அளந்துகொண்டு அறைக்குள் போனேன். அவர் விழித்திருந்தார். நெற்றி ஈரமாக இருந்தது. நான் கோப்பையை நீட்ட, புறங்கையால் மெல்லத் தள்ளினார்.

"கொஞ்சம் பொறும். கதைச்சு முடிச்சிட்டுக் குடிக்கிறன்."

"என்ன கதை?"

"நீர்தான் ஏதோ கேக்கப் போறீர். கதவடிக்கு வாறதும் போறதுமா நிக்கிறீர். குடிச்சா நான் பாதியில தூங்கிப் போவன். கேளும்."

முதலில் குடியுங்கள், பிறகு கதைப்போம் என்று சொன்னேன். கேட்கவில்லை. நான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் இருந்தேன். "தம்பியின்ர கலியாணத்தை ஆவணியில வைப்பமோ எண்டு கேக்கினம். நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்றேன். வேறு விதமாகக் கேட்க எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன், வாயில் வந்தது இதுதான்.

"கேக்கினம் எண்டு தெரியும். அக்கா குசினியில குசுகுசுத்தா துறைமுகம் வரைக்கும் கேக்கும்" என்றார். சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு முதுகில் பிடித்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அது போகும் வரைக்கும் பொறுத்தார். பிறகு சொன்னார்: "தையில வைச்சது தையிலயே நடக்கட்டும். இருந்தா இருப்பன். இல்லாட்டி அந்தப் பிள்ளையை ஒரு வருசம் நிப்பாட்டி வைக்காதேங்கோ. நாங்கள் காத்து நிண்டது போதும். நான் சொன்னதெண்டு அக்காவிட்டச் சொல்லும்."

"அவன் ஆசைப்படுறான், நீங்கள் பாக்க வேணுமெண்டு."

"அவனைக் கலியாணத்துக்கு வரச் சொல்லாதேயும். சும்மா வரச் சொல்லும். இப்ப."

மாமி தேத்தண்ணீர்க் கோப்பையோடு வாசலில் நின்றார். எப்போது வந்தார் என்று தெரியாது. "மருந்து மயக்கத்தில கதைக்கிறான் மச்சாள். இதுகளை எடுக்காதேங்கோ" என்றார். நான் கையில் இருந்த மருந்துக் கோப்பையைக் கொஞ்சம் சரித்துக் காட்டினேன். நிறைந்தபடி இருந்தது. அவர் அதைப் பார்த்தார். தன் தம்பியின் முகத்தைப் பார்த்தார். தேத்தண்ணீரை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். முன்படலை சாத்துகிற சத்தம் கேட்டது.

"என்ன வேகம்?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"முழு வேகம். இப்பத் தாரும்" என்றார்.

கொடுத்தேன். தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அடங்குவதற்கு நேரம் எடுத்தது. அந்த நேரம் முழுவதும் நான் வெளியே போகவில்லை. பிறகு நித்திரையானார். ஃபரீதா மிஸ்ஸி வந்து பார்த்து, மருந்தின் அளவைக் கொஞ்சம் கூட்டச் சொல்லிவிட்டுப் போனார். இனி விழிப்பு இன்னும் குறையும் என்றும் சொன்னார். எவ்வளவு காலத்துக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மத்தியானம் உனக்கு எடுத்தேன், தொலைபேசி வேலை செய்யவில்லை. பின்னேரமும் எடுத்தேன், கிடைக்கவில்லை.

வெயில் இறங்கும்போது மாமி கஞ்சியோடு திரும்பி வந்தார். பஞ்சாங்கம் கொண்டுவரவில்லை. அப்பாவின் கால்மாட்டில் கதிரையைப் போட்டு இருந்து, நித்திரையாகக் கிடந்தவரின் பாதத்தைப் போர்வையால் மூடினார். பிறகு என்னைப் பார்க்காமல், "பெடியன் எப்ப வாறானாம்?" என்று கேட்டார்.

தொலைபேசியில் உன்னை இன்னும் பிடிக்க முடியவில்லை என்று சொன்னேன்.

அம்மா